உப்புத் தண்ணீருக்கும் சிவப்பு அடையாளமா? பான அனுமதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் விற்கும் பானங்களுக்கு அனுமதி வழங்கும் குழுவினருக்கு,

மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் அனுப்பிய அறிவித்தலின் மூன்றாம் பந்தியைப் பற்றி எழுதுகிறேன். சிறு உற்பத்தியாளர்களின் பானங்களுக்கு இனி ஆய்வுகூட அறிக்கை கேட்கப்படாது, பிரிக்ஸ் மானியின் (ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டுப் பார்த்து இனிப்பை மதிப்பிடும் கைக்கருவி) வாசிப்பே போதும் என்கிறது அதன் முதல் வரி. 'சீனி சேர்க்காதது' என்று லேபல் ஒட்டியவற்றுக்கு அதுவும் வேண்டாம், குளுக்கோசுத் தாளை நனைத்துப் பார்த்தால் சரி என்கிறது அடுத்த வரி. இந்த இரண்டு வரிகளையும் வைத்து ஒரே காலையில், ஒரே மண்டபத்தில், மூன்று பிழையான முடிவுகளை எடுத்தீர்கள். நான் அங்கே நின்றேன். அதன் பிறகு உங்களுக்குத் தனியாக இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஆகவே மூன்றாவதை எல்லாரும் வாசிக்கட்டும்.

நான் கொழும்பில் ஓர் உணவு ஆய்வுகூடத்தில் 22 வருடம் தொழினுட்பவியலாளராக இருந்தவள். ஜாம், கோடியல், பழச்சாறு, தேன், பால்மா என்று எத்தனை மாதிரிக்குச் சீனி பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஓய்வு பெற்று களுவாஞ்சிகுடிக்குத் திரும்பி நான்கு வருடமாகிறது. எங்கள் ஒழுங்கைப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து விளாம்பழப் பானம் செய்கிறார்கள். அவர்களுடைய சங்கத்தில் நான் உறுப்பினர் இல்லை, இலாபத்திலும் எனக்குப் பங்கு இல்லை. அளந்து சொல்வது மட்டும்தான் என் பங்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கத் தேவையில்லை.

பழம் படுவான்கரையிலிருந்து வருகிறது. பட்டிருப்புப் பாலத்தால் சாக்கில் வந்து இறங்கும் காய்களை முற்றத்துக் கல்லில் தட்டி உடைத்து, சதையைக் கரண்டியால் சுரண்டி, வெந்நீரில் பிசைந்து, வெள்ளைத் துணியில் வடிப்பார்கள். முதல் தடவை போட்ட கலவையில் 100 மில்லிலீற்றருக்கு 12 கிராமுக்கு மேல் சீனி இருந்தது. சீனியைக் குறைத்தால் பானம் தண்ணீர்போல் ஆகிவிடுகிறது. அதனால் சீனியைக் குறைத்த அளவுக்குச் சதையைக் கூட்டினோம். ஐந்தாவது கலவையில் 10.2க்கு வந்து நின்றது. அந்த இரண்டு கிராமைக் குறைக்க எட்டு மாதம் எடுத்தது.

நாங்கள் அதற்குள் வர முயன்ற 11 கிராம் எல்லையின் கதை உங்களுக்குத் தெரியும். 2016 ஓகஸ்ட் 1 முதல் நம் நாட்டில் மென்பானங்களுக்கும் பழப் பானங்களுக்கும் நிற அடையாளம் கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. நல்ல சட்டம். ஆனால் அதில் 'சீனி' என்று எழுதியிருக்கிறது. கரைந்திருக்கும் எல்லாம் என்று எழுதவில்லை. 'குளுக்கோசு மட்டும்' என்றும் எழுதவில்லை.

சரி, அந்தக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் குழுவிலிருந்து வந்த தம்பி நல்ல பிள்ளை, பிழை அவரில் இல்லை. எங்கள் போத்தலைக் குலுக்கி, ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு, மூடியை அழுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பிக் கருவியைக் கண்ணில் வைத்தார். சதை கலந்த பானம் என்பதால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு துல்லியமாக விழவில்லை, புகை படிந்ததுபோல் இருந்தது. இரண்டாம் தடவை பார்த்தார். "11.8" என்றார். படிவத்தில் சிவப்பு என்று எழுதினார். பாடசாலைக்கு அனுமதி இல்லை. என்னிடம் இருந்த ஆய்வுகூட அறிக்கையை நீட்டினேன். அது இப்போது தேவையில்லை என்றார்கள்.

பக்கத்து மேசையில் பனங்கட்டியும் தேசிக்காயும் மூலிகையும் போட்ட பானம் ஒன்று. லேபலில் 'சீனி சேர்க்கவில்லை' என்று பெரிய எழுத்து. ஆகவே அதற்குத் தாள். சிறுநீரில் சீனி பார்க்கப் பாமசியில் வாங்குவோமே, அந்தத் தாள்தான். நனைத்துவிட்டுப் போத்தலில் அச்சடித்திருந்த நிறப்பட்டைக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். நிறம் கொஞ்சம்தான் மாறியிருந்தது. மிகச் சிறிதளவு என்று பதிந்து, பச்சை கொடுத்தார்கள்.

என் அப்பாவுக்கு வயது 81. சீனி வருத்தம் வந்து 19 வருடம். தேத்தண்ணியில் சீனி போடுவதை அவர் விட்டது நான் கல்யாணம் செய்வதற்கு முன். பேரன் பாடசாலையால் வரும்போது அந்தப் பச்சை அடையாளப் பானத்தில் இரண்டு போத்தல் வாங்கி வந்தான், "தாத்தா, இது உங்களுக்கும் குடிக்கலாமாம்" என்று. வெயிலுக்குள் இருந்த மனிசன் இரண்டையும் குடித்துவிட்டார். பின்னேரம் வீட்டு மீற்றரில் குத்திப் பார்த்தபோது 280ஐத் தாண்டியிருந்தது. பெரிய ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் பச்சையைப் பார்த்து வாங்கிய பேரன் அன்றிரவு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை என்னுடைய பழைய பிரிக்ஸ் மானியை எடுத்தேன். சமையலறைத் தராசில் 10 கிராம் உப்பு நிறுத்து, தண்ணீர் விட்டு மொத்தம் 100 கிராம் ஆக்கினேன். ஒரு துளி விட்டுப் பார்த்தால் 11.6. அடுத்த வீட்டு ஆச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "என்னகா புள்ள, உப்புத் தண்ணியும் இதுக்கு இனிப்பா?" என்று கேட்டார். உங்கள் மூன்றாம் பந்தியின்படி அந்த உப்புத் தண்ணீருக்குச் சிவப்பு அடையாளம் ஒட்ட வேண்டும். ஒரு மணி சீனி கூட அதில் இல்லை.

பிரிக்ஸ் மானி பொய் சொல்லும் கருவி இல்லை. அது செய்வது ஒன்றே ஒன்று: திரவத்துக்குள் போகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறது. தண்ணீரில் எது கரைந்தாலும் வளைவு கூடும். சுத்தமான சுக்குரோசுக் கரைசலை, அதாவது வெள்ளைச் சீனிக் கரைசலை, 20 பாகை செல்சியசில் வைத்து அதன் அளவுகோலைக் கீறியிருக்கிறார்கள். கரைந்திருப்பது சுக்குரோசு மட்டும் என்றால் வாசிப்பு சீனியின் அளவுதான். விளாம்பழத்தில் அமிலம் இருக்கிறது, பெக்ரின் இருக்கிறது, தாதுப்பொருட்கள் இருக்கின்றன. அவ்வளவையும் அது சீனிக் கணக்கில் சேர்த்துவிடும். அம்பாறைப் பக்கம் ஹிங்குரானையில் கரும்பு பயிரிடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரும்பாலைகளில் பிரிக்ஸைப் பார்த்ததோடு விடுவதில்லை. முனைவுமானியில் சுக்குரோசைத் தனியாகப் பார்த்து, அதைப் பிரிக்ஸால் வகுத்து, சாற்றின் தூய்மை எத்தனை வீதம் என்று கணக்கிடுவார்கள். சீனி செய்கிறவனே பிரிக்ஸைச் சீனி என்று நம்புவதில்லை. நாம் ஏன் நம்ப வேண்டும்?

இன்னொரு சங்கதி. பிரிக்ஸ் என்பது 100 கிராம் திரவத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கு. சட்டம் கேட்பது 100 மில்லிலீற்றரில் எத்தனை கிராம் என்று. இனிப்புத் தண்ணீர் சாதாரணத் தண்ணீரை விடப் பாரம். அன்று காலையில் மூன்றாவதாக ஒரு சிவப்புச் சர்பத் வந்தது, நினைவிருக்கும். எசென்ஸ், நிறம், சிற்றிக் அமிலம், சீனி, வேறொன்றும் இல்லை. வாசிப்பு 10.8. பதினொன்றுக்குள் என்பதால் செம்மஞ்சள் கொடுத்தீர்கள். 10.8 பிரிக்ஸ் சீனிக் கரைசலின் அடர்த்தி கிட்டத்தட்ட 1.04. பெருக்கிப் பாருங்கள்: 100 மில்லிலீற்றரில் 11.2 கிராம். அமிலத்துக்குக் கொஞ்சம் கழித்தாலும் கோட்டில் நிற்கும் பானம் அது, ஒரு துளி வாசிப்பில் தீர்ப்புச் சொல்லக்கூடியது இல்லை. அதோடு அந்த மண்டபத்தில் மின்விசிறி கூட ஓடவில்லை. வெப்பத் திருத்தம் இல்லாத கருவி என்றால் 30 பாகையில் சுமார் 0.7 குறைத்துத்தான் காட்டும். அந்தக் கருவியில் திருத்தம் இருந்ததா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

ஆக, பழச்சதை கூடிய பானம் வெளியே, எசென்ஸ் பானம் உள்ளே. இந்த விதி தொடர்ந்தால் எங்கள் பெண்கள் என்ன செய்வார்கள்? சதையைக் குறைப்பார்கள். சதை குறைந்தால் வாசிப்புக் குறையும், அனுமதி கிடைக்கும். சீனியில் கை வைக்கத் தேவையே இல்லை. ஏற்கெனவே ஒருத்தி என்னிடம் கேட்டுவிட்டாள், "அக்கா, எசென்ஸ் போடுவமா?" என்று. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மூன்று பிள்ளைகளின் தாய். அவளுக்குத் தேவை அந்த முத்திரை.

இனி தாளுக்கு வருகிறேன். ஆய்வுகூடத்தில் நாங்கள் சீனியை நொதியத்தால் அளப்போம், குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பிடித்து மாற்றும் புரதம் அது. அந்தத் தாளிலும் நொதியம்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. குளுக்கோசு ஒட்சிடேசு என்ற நொதியம். ஆனால் அது குளுக்கோசைத் தவிர வேறு யாரையும் வீட்டுக்குள் எடுக்காது. பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது நாம் கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியின் அதே மூலக்கூறு: ஒரு குளுக்கோசும் ஒரு பிரக்டோசும் கைகோத்தது. கைகோத்து நிற்கும் வரை தாள் அதைக் காணாது. பழைய காலத்தில் பெனடிக்ற் என்ற நீலக் கரைசலில் சூடாக்கிச் சீனி பார்த்தவர்களுக்கும் இது தெரியும். சுக்குரோசுக்கு நீலம் நீலமாகவே இருக்கும், உயர்தரப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள். ஆனால் குடலுக்குள் போனதும் நிலைமை வேறு. அங்கே சுக்குரேசு என்ற நொதியம் இருக்கிறது, அந்தக் கைகளைப் பிரித்துவிடுகிறது. தாளில் இல்லாதது என் அப்பாவின் குடலில் இருந்தது.

இன்னும் ஒன்று செய்தேன். அதே பனங்கட்டிப் பானத்தின் ஒரு போத்தலைத் திறக்காமல் விறாந்தை ஜன்னலோரம் ஐந்து வாரம் வைத்திருந்தேன். தேசிக்காய்ப் புளியும் நம் வெக்கையும் சேர்ந்தால் சுக்குரோசு மெல்ல மெல்லத் தானாகவே உடையும். ஐந்து வாரத்துக்குப் பிறகு அதே தாளை நனைத்தேன். பட்டையின் கடைசி நிறத்துக்குப் போய் நின்றது. அதே போத்தல், அதே இனிப்பு. முதல் நாள் பச்சை, முப்பத்தைந்தாம் நாள் தோல்வி. இப்படி ஒரு பரிசோதனையை வைத்து ஒரு பிள்ளையின் கைக்குப் பானம் போகலாமா இல்லையா என்று தீர்மானிக்கிறீர்கள்.

அப்படியென்றால் சரியாக அளப்பது எப்படி? நான் 22 வருடம் செய்ததைச் சொல்கிறேன், பெரிய வித்தை இல்லை.

உங்கள் முடிவு வந்த அடுத்த வாரம் மூன்று பானத்தையும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸுக்குள் வைத்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டு போனேன். பழைய சக ஊழியர் ஒருவர் இருக்கும் ஆய்வுகூடத்தில், கட்டணம் கட்டி, என் கையாலேயே செய்தேன். முதலில் ஒரு மில்லிலீற்றர் பானத்தை 200 மில்லிலீற்றராக ஐதாக்க வேண்டும், அவ்வளவு சொற்ப சீனியைத்தான் இந்த முறை கேட்கும். வடித்துத் தெளிந்ததும் ஒரு சதுரக் குழாயில் கொஞ்சம் எடுத்து, தாங்கல் கரைசல், ஏரிபி, என்.ஏ.டி.பி. என்ற துணைப் பொருட்களைச் சேர்த்து, ஒளியுறிஞ்சலைக் குறித்துக்கொள்வோம். பிறகு இரண்டு நொதியங்கள். ஹெக்சோகைனேசு குளுக்கோசின் முதுகில் ஒரு பொசுபேற்றை ஏற்றும். இரண்டாவது நொதியம் அந்தப் பொசுபேற்றுச் சுமந்த குளுக்கோசைப் பிடித்து ஒட்சியேற்றும். அப்போது ஒவ்வொரு குளுக்கோசுக்கும் ஒரு என்.ஏ.டி.பி.எச். மூலக்கூறு உண்டாகும். இது 340 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சும். அது புற ஊதா, ஆகவே கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. குழாய் தண்ணீர்போல்தான் இருக்கும். கருவியின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போய், ஐந்தாறு நிமிடத்தில் நின்றுவிடும். எவ்வளவு ஏறியதோ அவ்வளவு குளுக்கோசு. இந்த 340இன் சூட்சுமத்தை ஒட்டோ வார்பேர்க் என்ற ஜெர்மானியர் 1930களிலேயே கண்டு வைத்தார்.

எண் நின்றதும் அதே குழாய்க்குள் மூன்றாவது நொதியம் ஒரு துளி. பிரக்டோசின் மீதும் ஹெக்சோகைனேசு ஏற்கெனவே பொசுபேற்றை ஏற்றி வைத்திருக்கும், ஆனால் அது வாசலில் காத்துக்கொண்டு நிற்கும். இந்த மூன்றாவது நொதியம் அதைக் குளுக்கோசு வடிவத்துக்கு மாற்றிவிட, எண் மறுபடி ஏறத் தொடங்கும். இரண்டாவது ஏற்றம் பிரக்டோசின் கணக்கு. எனக்கு இந்த வேலையில் பிடித்த நிமிடம் இதுதான். ஒரே குழாய், ஒரே பானம், இரண்டு சீனியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகும்.

சுக்குரோசுக்கு இன்னொரு குழாய். அதில் முதலில் இன்வெற்றேசு என்ற நொதியத்தை விட்டு, கொஞ்சம் அமிலத் தன்மையில் கால் மணி நேரம் வைப்போம். கைகள் பிரிந்துவிடும். பிறகு முன்போலவே குளுக்கோசைப் பார்த்து, முதல் குழாயின் குளுக்கோசைக் கழித்தால் மிச்சம் சுக்குரோசிலிருந்து வந்தது. அப்பாவின் குடல் செய்ததைத்தான் இந்தக் குழாயும் செய்கிறது, எண்ணோடு.

எண்கள் இவை. விளாம்பழப் பானத்தில் குளுக்கோசு 2.6, பிரக்டோசு 2.6, சுக்குரோசு 5.0, மொத்தம் 100 மில்லிலீற்றருக்கு 10.2 கிராம். செம்மஞ்சள். நீங்கள் கொடுத்தது சிவப்பு. பனங்கட்டிப் பானத்தில் குளுக்கோசு 0.2, பிரக்டோசு 0.2, சுக்குரோசு 9.4, மொத்தம் 9.8. இதுவும் செம்மஞ்சள். நீங்கள் கொடுத்தது பச்சை. சர்பத் 11.1. சிவப்பு, மயிரிழையில். நீங்கள் கொடுத்தது செம்மஞ்சள். மூன்று பானம், மூன்றும் பிழை.

எங்கள் விளாம்பழப் பானம் ஆரோக்கியமானது என்று வாதாட நான் வரவில்லை. 10.2 கிராம் குறைவான சீனி இல்லை, அதையும் இன்னும் குறைக்க வேண்டும். பாடசாலையில் செம்மஞ்சள் பானமும் வேண்டாம் என்று நீங்கள் நாளைக்கு முடிவெடுத்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன். ஆனால் அப்போதும் பனங்கட்டிப் பானத்தின் ஒரு 200 மில்லிலீற்றர் போத்தலில் கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி சீனி பச்சை அடையாளத்தோடு உள்ளே போய்க்கொண்டிருக்கும், அளவு பிழை என்பதால்.

நொதிய முறைக்கும் குருட்டுப் பக்கம் உண்டு, மறைக்கவில்லை. நான் சொன்ன மூன்று சீனிகளுக்கு வெளியே அது பார்க்காது. மோல்ற் பானத்தில் மோல்ற்றோசு இருக்கும், சில மா வகைப் பானங்களில் மோல்ற்றோடெக்ஸ்ரின் போடுகிறார்கள். அவற்றுக்கு வேறு நொதியம் வேண்டும். பால் கலந்தது என்றால் இலற்றோசுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும், அதற்கு முன் புரதத்தையும் கொழுப்பையும் வீழ்த்தித் தெளிய வைக்க வேண்டும். நம்மூர்த் தயிரில் இனிப்புப் பானம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் நினைவில் வையுங்கள். எந்தப் பானத்துக்கு எந்த நொதியம் என்று தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அவ்வளவுதான்.

ஆய்வுகூட அறிக்கை சிறு உற்பத்தியாளர்களுக்குச் சுமை என்று உங்கள் அறிவித்தலில் காரணம் எழுதியிருக்கிறீர்கள். சுமைதான், இரவு பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போன எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சுமையை இறக்கி வைக்க வேறு வழி இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. 340 நனோமீற்றரில் ஒளியுறிஞ்சல் பார்க்கும் கருவி இரசாயனம் படிப்பிக்கும் இடங்களில் சாதாரணப் பொருள். நொதியங்கள் ஆயத்தப் பெட்டியாகவே விற்கப்படுகின்றன. குளிரில் வைத்தால் போதும். ஒரு நாளில் இருபது மாதிரியை ஒரே வரிசையில் செய்யலாம். ஒன்பது பெண்கள் தனித்தனியாகக் கொழும்புக்கு ஓடுவதற்கும், நீங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாருடைய போத்தலையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்புவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இதை யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த மூன்றாம் பந்தியே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இது புது முறை, நிரூபிக்கப்படாதது என்று அன்று ஒருவர் சொன்னார். பழச்சாறுகளுக்கான கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமத்தில், 2005ஆம் ஆண்டின் 247ஆம் இலக்க நியமத்தில், குளுக்கோசுக்கும் பிரக்டோசுக்கும் நொதிய முறை அப்போதே பட்டியலில் இருந்தது. நான் வேலையில் சேர்ந்தபோதே அது பழைய முறை.

இப்போது என் கோரிக்கைகள்.

மூன்றாம் பந்தியை உடனே நிறுத்தி வையுங்கள். குளுக்கோசுத் தாளை முற்றாக விட்டுவிடுங்கள், பானத்தின் சீனிக்கு அதில் எந்த வேலையும் இல்லை. பிரிக்ஸ் மானியை எறியச் சொல்லவில்லை. முதல் வடிகட்டலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கருவி வெப்பத் திருத்தம் உள்ளதா என்று பார்த்து, அறையின் வெப்பத்தையும் படிவத்தில் எழுதி, 100 மில்லிலீற்றருக்கு மாற்றிக் கணக்கிடுங்கள். எல்லைக்கு இரண்டு கிராம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நிற்கும் எந்தப் பானத்தையும், 'சீனி சேர்க்கவில்லை' என்று எழுதிய எல்லாப் பானத்தையும், நொதிய முறையில் குளுக்கோசு, பிரக்டோசு, சுக்குரோசு மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து, கூட்டிய தொகையை வைத்துத் தீர்மானியுங்கள். பால், மோல்ற் வகைகளுக்கு அதற்குரிய சீனியையும் சேர்த்துப் பாருங்கள்.

பனங்கட்டிப் பானத்தின் பச்சை அடையாளத்தை மீளப் பரிசோதனை முடியும் வரை எடுத்துவிடுங்கள். அதைச் செய்கிறவர்களைத் தண்டிக்கச் சொல்லவில்லை. பனங்கட்டி சீனி இல்லை என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள் போலத் தெரிகிறது. அவர்களுக்கு யாராவது விளங்கப்படுத்த வேண்டும். சர்பத்தையும் திரும்ப அளவிடுங்கள். விளாம்பழப் பானத்துக்கு மறுத்த அனுமதியை மறுபரிசீலனை செய்து, முடிவு எதுவானாலும் எழுத்தில், அளந்த முறையையும் எண்ணையும் குறிப்பிட்டு, அந்தப் பெண்களுக்குத் தாருங்கள். இனிமேல் மாதிரி எடுக்கும்போது அதில் ஒரு பங்கை முத்திரையிட்டு உற்பத்தியாளரிடமே விட்டுச் செல்லுங்கள், தீர்ப்பில் சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். மாதிரிகளைச் சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

உங்கள் உத்தியோகத்தர்களுக்கு இந்த முறையைக் காட்டிக்கொடுக்க நான் தயார். சம்பளம் வேண்டாம், போக்குவரத்துச் செலவும் வேண்டாம். இரண்டு நாள் போதும்.

அன்று மண்டபத்தில் வைத்த மூன்று பானத்திலும் அதே தொகுதியில் இரண்டிரண்டு போத்தல் திகதி எழுதி, மூடியில் ஒட்டுத்தாள் சுற்றி, என் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். காலையில் மின்வெட்டு இல்லாத நாளாகப் பார்த்து, ரெஜிபோம் பெட்டியோடு யாரையாவது அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஒருத்தி